இந்த வாரம் நம் ஊர்ப் பக்கம் என்ன நிகழ்ச்சி? கொங்கு வட்டாரக் கலைப் பட்டியலைத் தொகுக்கும் முறை

கொங்கு நாட்டில் ஒரு வாரத்தில் நடக்கும் கலை நிகழ்ச்சிகளைத் தேடுபவருக்குக் கோயம்புத்தூர் நகரத்து அரங்குகளில் நடப்பவை எளிதாகக் கண்ணில் படும். டிக்கெட் விற்கும் செயலிகளில் திரைப்படப் பாடகர்களின் மேடைக் கச்சேரிகள் இருக்கும். நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் சபாக் கச்சேரியும் சொற்பொழிவும் நூல் வெளியீடும் இருக்கும். அதே வாரத்தில் காங்கேயத்துக்கோ தாராபுரத்துக்கோ அருகே ஒரு சிற்றூரின் கோயில் திடலில், மாதக்கணக்கில் மாலை நேரங்களில் பயின்ற பெண்களும் குழந்தைகளும் வள்ளி கும்மி அரங்கேற்றத்துக்கு நிற்பார்கள். இன்னோர் ஊரில் உடுக்கைப் பாட்டில் அண்ணமார் கதை இரவிரவாக ஓடிக்கொண்டிருக்கும். இவை எந்தச் செயலியிலும் ஏறுவதில்லை. பக்கத்து ஊர்க்காரருக்கே நிகழ்ச்சி முடிந்த மறுநாள், யாரோ அனுப்பிய காணொளியைப் பார்த்துத்தான் தெரிய வருகிறது.

இவ்விரண்டு உலகங்களையும் ஒரே தாளில் சேர்த்து வாரந்தோறும் ஊர் மக்கள் கையில் கொடுப்பது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். ஒருவரோ இருவரோ ஒரு கைபேசியையும் ஒரு குறிப்பேட்டையும் வைத்துக்கொண்டு செய்துவிடக்கூடிய வேலைதான் இது. ஆனால் தொடங்கும் முன்பே ஒரு நெறியை உறுதியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். சபா மேடையில் பாடுபவரின் பெயரை அச்சிடுகிற அதே தாளில், உடுக்கை அடிப்பவரின் பெயரும் கும்மி ஆசிரியரின் பெயரும் பறைக் குழுவின் ஊரும் அதே அளவு எழுத்தில் வர வேண்டும். மற்ற எல்லாவற்றிலும் விட்டுக்கொடுக்கலாம். இதில் விட்டுக்கொடுத்தால் இப்படியொரு பட்டியலுக்குத் தேவையே இல்லை.

எல்லையை முதலில் முடிவு செய்யுங்கள்

மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கொண்டால் ஒரு மாதத்தில் சோர்ந்துபோவீர்கள். ஒரே ஊரை மட்டும் எடுத்துக்கொண்டால் பல வாரங்களில் தாள் வெறுமையாக இருக்கும். மாலையில் கிளம்பி, நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, அன்றிரவே வீடு திரும்பக்கூடிய தொலைவே சரியான எல்லை. கோபிசெட்டிபாளையத்தில் இருப்பவர் சத்தியமங்கலம், நம்பியூர், அந்தியூர், பவானி வரை பார்க்கலாம். உடுமலைப்பேட்டையில் இருப்பவருக்குப் பொள்ளாச்சியும் மடத்துக்குளமும் பழனியும் எட்டும் தொலைவில் உள்ளன. மாவட்டக் கோடுகளைப் பொருட்படுத்த வேண்டாம். பேருந்துத் தடங்களைப் பாருங்கள். ஒரு தடத்தில் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதே உங்கள் எல்லையைத் தீர்மானிக்கும்.

நோம்பிக் கணக்கை அறிந்துகொள்ளுங்கள்

கொங்கு வட்டாரத்தில் கலை நிகழ்ச்சிகளில் பெரும்பகுதி நோம்பியை, அதாவது கோயில் திருவிழாவை, ஒட்டியே நடக்கிறது. எனவே ஆங்கில நாட்காட்டிக்கு முன்பாகத் தமிழ் மாதங்களையும் திதிகளையும் குறித்த ஒரு பஞ்சாங்கமோ தினசரிக் காலண்டரோ உங்கள் மேசையில் இருக்க வேண்டும்.

ஆண்டு முழுவதற்கும் ஒரு சட்டகத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளலாம். தை மாதத்தில் பொங்கலை ஒட்டி உடுமலை அருகே சோமவாரப்பட்டி ஆல்கொண்டமால் கோயிலில் கூட்டம் கூடும். அந்தப் பக்கத்து ஊர்களில் உருமி முழக்கத்தோடு, காளையை ஆடவைக்கும் சலகெருது ஆட்டத்தையும் தேவராட்டத்தையும் பார்க்கக் கிடைக்கிற நாட்கள் அவை. தைப்பூசத்துக்குப் பழனி, சென்னிமலை, சிவன்மலை, மருதமலை ஆகிய நான்கு திசைகளிலும் காவடிக் குழுக்கள் நடக்கும்போது, அவர்கள் இரவு தங்கும் இடங்களில் காவடிச் சிந்தும் ஆட்டமும் நிகழும். மாசியில் கோவை கோனியம்மன் தேரும் காரமடை அரங்கநாதர் தேரும், வெள்ளியங்கிரி அடிவாரத்தில் மகா சிவராத்திரியின் விடிய விடிய இசையும் வரும். பங்குனியில் ஈரோடு பெரிய மாரியம்மன் விழா, பண்ணாரி குண்டம் (தீமிதி), பேரூர் பங்குனி உத்திரத் தேர் ஆகியவையும், வைகாசியில் கரூர் மாரியம்மன் விழாவும் அமராவதி ஆற்றுக்குக் கம்பம் அனுப்புதலும் நடக்கும். ஆனியில் பேரூரில் நாற்று நடவுத் திருவிழா. ஆடியில் பவானி கூடுதுறையிலும் கொடுமுடியிலும் பதினெட்டாம் பெருக்கு, அந்தியூர் குருநாதசாமி கோயிலில் குதிரைச் சந்தையோடு கூடிய திருவிழா. நவராத்திரி ஒன்பது நாளும் சிறிய கோயில்களில்கூடக் கச்சேரி இருக்கும். மார்கழியில் அதிகாலை பஜனைக் குழுக்கள் வீதி வரும், திருவாதிரைக்குப் பேரூர்.

இவை எல்லோருக்கும் தெரிந்த பெரிய விழாக்கள். உங்கள் பட்டியலின் உயிர் இவற்றுக்கு இடையே ஊர்தோறும் நடக்கும் மாரியம்மன், காளியம்மன், மாகாளியம்மன் நோம்பிகளில்தான் இருக்கிறது. அவற்றுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. பெரும்பாலும் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, நோம்பியைத் தொடங்கிவைக்கும் பூச்சாட்டு நடக்கும். அதன் பிறகு சில நாட்களில் கோயிலுக்கு முன்னே கம்பம் நடுவார்கள். பால் மரத்திலிருந்து வெட்டிக் கொண்டுவரும் முக்கவர்க் கிளைதான் அந்தக் கம்பம். அது நட்ட நாளிலிருந்து பிடுங்கும் நாள் வரை ஒவ்வோர் இரவும் இளைஞர்கள் கம்பத்தைச் சுற்றி ஆடுவார்கள். வேலை முடித்துக் குளித்துவிட்டு வந்தவர்கள் முதலில் மெதுவாக அடி வைத்துச் சுற்றுவார்கள். மேளத்தின் நடை மாற மாற வட்டம் இறுகி வேகம் ஏறும். பொள்ளாச்சி, உடுமலைப் பக்கத்தில் கம்பத்தின் கவட்டில் வைத்த பூவோட்டின் (தீச்சட்டியின்) வெளிச்சம் ஆடுபவர்களின் முகத்தில் விழும். பார்வையாளர் என்று தனியாக யாரும் இல்லாத கலை அது. இதை எந்த நோட்டீஸிலும் ‘கலை நிகழ்ச்சி’ என்று போடமாட்டார்கள், சடங்கு என்றே எழுதுவார்கள். ஆகவே பூச்சாட்டுத் தேதி தெரிந்த உடனே, கம்பம் நடும் நாள், மாவிளக்கு நாள், பொங்கல் நாள், மஞ்சள் நீராட்டு நாள் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒரே ஒரு தேதியை அறிந்தால் இரண்டு மூன்று வாரங்களுக்கான நிகழ்ச்சிகள் கைக்கு வந்துவிடும்.

நோட்டீஸை முழுவதும் வாசியுங்கள்

நோம்பி நோட்டீஸ் பெரும்பாலும் நீளமான மஞ்சள் தாளில் அச்சாகியிருக்கும். மேலே அம்மன் படம், அதன் கீழே பூசை நேரங்கள், பிறகு நாள்வாரியாகக் கட்டளைதாரர்களின் பெயர்கள். கலை நிகழ்ச்சி பெரும்பாலும் கீழே ஒரு வரியில் ஒதுங்கியிருக்கும்: ‘இரவு 8 மணிக்கு மேல் கலை நிகழ்ச்சிகள் நடைபெறும்.’ பந்தல் போட்டவர், ஒலிபெருக்கி கொடுத்தவர், அன்னதானத்துக்கு அரிசி கொடுத்தவர் என அத்தனை பேருடைய பெயரும் இருக்கும் தாளில், இரவெல்லாம் கண் விழித்துப் பாடப் போகிறவரின் பெயர் மட்டும் இருக்காது. நன்கொடையாளரை மதிப்பது ஊர் வழக்கம், அதில் குறை காண்பதற்கில்லை. ஆனால் கலைஞரையும் அதே தாளில் மதிக்கலாம் என்பதை விழாக் குழுவினரிடம் பணிவாகச் சொல்லிப் பார்க்கலாம். நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்பே கேட்டால் பல ஊர்களில் ஒப்புக்கொள்கிறார்கள்.

நோட்டீஸைத் தேட வேண்டிய இடங்கள் எளியவை. பேருந்து நிலையத்தின் தூண், பேக்கரிக் கண்ணாடி, பால் சொசைட்டிச் சுவர், ரேஷன் கடை, கிளை நூலகம். வாரம் ஒருமுறை உங்கள் எல்லைக்குள் ஒரு சுற்றுப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது நல்லது. அதைவிடப் பயன் தருவது, வட்டாரத்தில் நோட்டீஸ் அடித்துக் கொடுக்கும் அச்சகத்தாரோடும் மேடை, ஒலி, ஒளி அமைப்பவர்களோடும் பழக்கம் வைத்துக்கொள்வது. எந்த ஊரில் எந்த நாளில் மேடை போடுகிறார்கள் என்பது அவர்களுடைய வேலைக் குறிப்பில் முன்கூட்டியே இருக்கும். ஆடி மாதத்தில் கல்யாண முகூர்த்தங்கள் இல்லாததால் நாகசுரக் குழுக்களும் மெல்லிசைக் குழுக்களும் கோயில்களிலேயே மிகுதியாக வாசிக்கும். அந்த மாதத்தில் அவர்களிடம் ஒருமுறை பேசினால் பல வாரத்துக்கான செய்தி கிடைத்துவிடும்.

கலையின் பெயரைச் சரியாகக் கேளுங்கள்

‘கலை நிகழ்ச்சி’ என்று எழுதி நிறுத்திவிடும் பட்டியலால் யாருக்கும் பயனில்லை. பறையா, துடும்பா, ஜமாப்பா, பெருஞ்சலங்கை ஆட்டமா, ஒயிலாட்டமா என்று கேட்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் கருவி வேறு, ஆடும் வகை வேறு, விரும்பி வருகிறவர்களும் வேறு.

வள்ளி கும்மி இப்போது கொங்கு நாடு முழுவதும் பரவலாகக் கற்றுக்கொடுக்கப்படுகிறது. ஆசிரியர் ஒருவர் ஊருக்கு வந்து மாலை நேரங்களில் சொல்லிக்கொடுப்பார். முருகன் வள்ளியை மணந்த கதையைப் பாட்டாகப் பாடி அடி எடுத்துக் கொடுக்க, சுற்றி நிற்பவர்கள் கை தட்டித் திரும்பி, குனிந்து நிமிர்ந்து ஆடுவார்கள். பயிற்சி நிறைவடைந்ததும் ஒரே நிறச் சேலை உடுத்தி அரங்கேற்றம் நடக்கும். கோவை மாவட்டத்தைச் சேர்ந்த வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்திரப்பனுக்கு 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. ஆண்கள் மட்டுமே ஆடிவந்த அக்கலையைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர் அவர் என்பது அந்த விருதுக்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. இன்று திடல் நிறையப் பெண்கள் ஆடுவதைப் பார்க்கும் இளையவர்களுக்கு இந்த வரலாறு தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அரங்கேற்றச் செய்தியை எழுதும்போது ஆசிரியர் யார், அவர் யாரிடம் கற்றார் என்பதை ஒரு வரியில் சேர்த்தால் அது தானே நடந்துவிடும். அரங்கேற்றத் தேதி பயிற்சி தொடங்கிச் சில வாரங்களில் முடிவாகிவிடுவதால், கும்மி ஆசிரியர்களிடம் மாதம் ஒருமுறை பேசுவதே போதும்.

அண்ணமார் கதைக்கு வேறு வகைக் கவனம் தேவை. பொன்னர், சங்கர், தங்காள் ஆகியோரின் கதையை உடுக்கை அடித்துப் பாடுபவர் ஒரே இரவில் முடிப்பதில்லை. பல இரவுகள் தொடர்ந்து பாடுவார். ஆகவே ‘அண்ணமார் கதை, இரவு 9 மணி’ என்று எழுதினால் போதாது. இன்று எந்தப் பகுதி பாடப்படுகிறது என்பதைக் கேட்டு எழுதினால், கதையை அறிந்தவர் தமக்குப் பிடித்த இரவுக்கு வருவார், அறியாதவர் முதல் இரவிலிருந்தே வருவார். படுகளம் நிகழும் இரவைத் தனியாகக் குறிப்பிடுங்கள். அன்று கதையில் வீரர்கள் வீழும் இடத்தில் கூட்டத்தில் உள்ளவர்களும் அருள் வந்து விழுவார்கள். தண்ணீர் தெளித்து அவர்களை எழுப்புவார்கள். அது ஊராருக்கு வழிபாடு. வெளியூரிலிருந்து வருகிறவர் அவர்கள் முகத்துக்கு அருகே கைபேசியை நீட்டக் கூடாது என்பதைப் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும்.

நாமக்கல், சேலம், பவானிப் பக்கங்களில் கூத்து நடக்கும் இரவுகளுக்கு, முடியும் நேரத்தையும் சொல்லுங்கள். இரவு தொடங்கும் கூத்து விடியற்காலையில்தான் நிறைவடையும் என்பதால், பார்க்க வருகிறவருக்குக் கடைசிப் பேருந்தைவிட மறுநாள் முதல் பேருந்தே முக்கியம்.

நகரத்து அரங்குகள்

இப்பகுதியில் அதிக உழைப்பு தேவையில்லை. செய்தியை அவர்களே வெளியிடுகிறார்கள். கோவையில் பாரதிய வித்யா பவன், கிக்கானி பள்ளி அரங்கம், மணி மேல்நிலைப் பள்ளியின் நானி பல்கிவாலா கலையரங்கம் ஆகியவற்றில் கர்நாடக இசை, நாட்டியம், நாடகம் நடக்கும். அவிநாசி சாலையில் உள்ள கஸ்தூரி சீனிவாசன் அறக்கட்டளையின் கலைக்கூடத்தில் ஓவியக் கண்காட்சிகள் நடக்கின்றன. கண்காட்சியை எழுதும்போது கடைசி நாளையும் வார விடுமுறையையும் மறக்காமல் குறிப்பிட வேண்டும். ராம்நகர் கோதண்டராமர் கோயிலின் ராமநவமி, சித்தாபுதூர் ஐயப்பன் கோயிலின் செண்டை மேளம் ஆகியவை நகரத்தின் நடுவே அனைவரும் கேட்கக்கூடியவை. 2008 முதல் நடந்துவரும் கோயம்புத்தூர் விழாவின் நாட்களில் நிகழ்ச்சிகள் குவிந்துவிடும். அந்த வாரத்தில் எல்லாவற்றையும் அப்படியே எடுத்துப்போடாமல், உங்கள் ஊர்க்காரர்கள் பேருந்து ஏறிப் போய்ப் பார்க்கத் தக்கவற்றை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

பலரும் தவறவிடும் இடம் அரசின் இசை நிறுவனங்கள். மலுமிச்சம்பட்டியில் அரசு இசைக் கல்லூரியும், ஈரோட்டிலும் கரூரிலும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளும் உள்ளன. அங்கே பயிலும் மாணவர்கள் குரலிசை, நாகசுரம், தவில், தேவாரம் ஆகியவற்றை ஆண்டு விழாவில் அரங்கேற்றுவார்கள். பக்கத்து ஊர்ப் பிள்ளை தவில் வாசிப்பதைக் கேட்க ஊரிலிருந்து பத்துப் பேர் வந்து உட்கார்ந்தால் அந்தப் பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய தெம்பு! இத்தகைய நிகழ்ச்சிகளைப் பட்டியலின் மேல்பகுதியில் போடுங்கள்.

புத்தகத் திருவிழாக்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மக்கள் சிந்தனைப் பேரவை 2005இல் தொடங்கிய ஈரோடு புத்தகத் திருவிழா ஆகஸ்டு மாதத்தில் நடக்கும்போது ஒவ்வொரு மாலையும் மேடை நிகழ்ச்சி உண்டு. கோவையிலும் திருப்பூரிலும் அவ்வாறே. நாள்வாரியாக யார் பேசுகிறார் என்பதை ஒரே பதிவில் திணிக்காமல், அந்த வாரத்துக்குரிய நாட்களை மட்டும் எடுத்து எழுதுங்கள்.

திரைப்படம்

வெள்ளிக்கிழமை வெளியாகும் புதுப்படங்களை உங்கள் பட்டியலில் எழுத வேண்டியதில்லை. அவற்றுக்குச் சுவரொட்டி இருக்கிறது, செயலி இருக்கிறது. உங்கள் இடத்தைத் திரைப்படக் கழகங்களின் திரையிடல், கல்லூரிகளின் குறும்பட விழா, தமுஎகச (தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம்), கலை இலக்கியப் பெருமன்றம் போன்ற அமைப்புகளின் கிளைகள் நடத்தும் ஆவணப்படக் காட்சிகள், நூலகத்திலோ பள்ளியிலோ சிறுவர்களுக்குக் காட்டும் படம் ஆகியவற்றுக்கு ஒதுக்குங்கள்.

ஊருக்குப் பொதுவாகப் படம் காட்டும் பழக்கம் கொங்கு நாட்டுக்குப் புதிதன்று. ரயில்வேயில் பணியாற்றிய கோவைக்காரரான சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் திருச்சியில் டூபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகக் காட்சி நடத்தியவர். 1914இல் அவர் கோவையில் கட்டிய வெரைட்டி ஹால் அரங்கின் பெயரை இன்றும் ஒரு சாலை தாங்கி நிற்கிறது. படம் மக்களைத் தேடிப் போன அந்தக் காலத்தின் தொடர்ச்சியாகவே இன்று இருபது நாற்காலியும் ஒரு வெள்ளைத் திரையும் போட்டுக் காட்டுகிறவர்களை நான் பார்க்கிறேன்; அவர்களுடைய நிகழ்ச்சிக்கு உங்கள் தாளில் நல்ல இடம் கொடுங்கள்.

திரையிடலைப் பற்றிய பதிவில் படத்தின் மொழி, துணைத்தலைப்பு எந்த மொழியில் உள்ளது, படம் எவ்வளவு நேரம் ஓடும், பின்னர் கலந்துரையாடல் உண்டா என்பவை இருக்க வேண்டும். தணிக்கைச் சான்றிதழையும் எழுதுங்கள். இப்போது ‘யு/ஏ’ வகை 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், குழந்தையை அழைத்துப் போகலாமா என்று பெற்றோர் முடிவு செய்ய அந்த ஓர் எண்ணே போதும். நீங்களே திரையிட நினைத்தால், கடையில் வாங்கிய வட்டையோ இணையச் சந்தாவையோ வைத்துப் பொதுவில் காட்டுவது சட்டப்படி சரியாகாது என்பதையும், உரிமையாளரிடம் எழுத்தில் ஒப்புதல் பெற வேண்டும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள். ஆவணப்பட, குறும்பட இயக்குநர்கள் கேட்டால் பெரும்பாலும் மகிழ்ச்சியோடு கொடுப்பார்கள், சில சமயம் தாமே வந்து பேசவும் செய்வார்கள்.

உறுதி செய்யாமல் எழுதாதீர்கள்

ஒருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய அழைப்பிதழ் சென்ற ஆண்டினுடையதாக இருக்கலாம். தேதி இருக்கும், ஆண்டு இருக்காது. கிழமையும் தேதியும் பொருந்துகின்றனவா என்று காலண்டரில் பார்ப்பது முதல் சோதனை. அதன் பிறகு நடத்துபவரிடம் நேரே பேசாமல் எதையும் தாளில் ஏற்றக் கூடாது.

பேசும்போது நேரத்தை இரண்டு முறை கேளுங்கள். ‘எத்தனை மணிக்குங்க?’ என்று கேட்டால் நோட்டீஸில் உள்ள நேரத்தையே சொல்வார்கள். ‘போன வருசம் எத்தனை மணிக்குத் தொடங்குனீங்க?’ என்று கேட்டால் உண்மையான நேரம் வெளிவரும். தீபாராதனை முடிந்த பிறகுதான் மேடை என்றால் அதையே எழுதிவிடலாம். வயதானவர்கள் ஒரு மணி நேரம் வெறுமனே காத்திருப்பது மிச்சமாகும். ஒலிமாசு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி வைக்கக் கூடாது. திருவிழா நாட்களில் ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாள், நள்ளிரவு 12 மணி வரை அரசு தளர்வு கொடுக்கலாம். எனவே இரவு 9 மணிக்குத் தொடங்கும் மெல்லிசைக் கச்சேரியைப் பற்றி எழுதும்போது, அனுமதி எத்தனை மணி வரை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நுழைவு இலவசமா, வெளியூர்க்காரர்கள் வரலாமா, பெண்கள் உட்காரத் தனி இடம் உண்டா, கழிப்பறை உண்டா, வண்டி எங்கே நிறுத்துவது, சக்கர நாற்காலி மேடைக்கு அருகே வர வழி இருக்கிறதா ஆகிய கேள்விகளையும் தயங்காமல் கேட்கலாம். கேட்பதாலேயே சில ஊர்களில் அவற்றுக்கு ஏற்பாடு செய்துவிடுகிறார்கள்.

நிகழ்ச்சி தள்ளிப்போகும் காரணங்களும் நமக்குத் தெரிந்தவைதான். ஊரில் ஓர் இறப்பு நேர்ந்தால் மேளம் நிற்கும். கோடை மழை வந்தால் மேடை நனையும். தேர்தல் அறிவிப்பு வந்தால் அனுமதி மாறும். ஆகவே ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அன்று காலையில் தொலைபேசியை எடுத்துப் பேசக்கூடிய ஒருவர் யார் என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய எண்ணை அவர் ஒப்புதல் இல்லாமல் தாளில் போட வேண்டாம்.

எழுதும் முறை

ஒரு பதிவு இப்படி இருந்தால் போதும்: ‘சனிக்கிழமை. இரவு 7.30, தீபாராதனைக்குப் பிறகு. மாரியம்மன் கோயில் திடல். பேருந்து நிறுத்தத்திலிருந்து கிழக்கே நடக்கும் தொலைவு. வள்ளி கும்மி அரங்கேற்றம். பாடிப் பயிற்றுவித்தவர் பெயர், அவருடைய ஊர். ஆடுபவர்கள் இவ்வூர்ப் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும். இரண்டு மணி நேரம். அனைவரும் வரலாம், கட்டணம் இல்லை. திரும்பும் கடைசிப் பேருந்து 9.50.’ இதில் ‘மாபெரும்’, ‘பிரம்மாண்ட’, ‘வரலாறு காணாத’ ஆகிய சொற்களுக்கு இடமில்லை. எல்லா நிகழ்ச்சியும் மாபெரும் நிகழ்ச்சி என்றால் வாசிப்பவர் எதையும் நம்பமாட்டார். தலைமை தாங்குபவர், முன்னிலை வகிப்பவர், வாழ்த்துரை வழங்குபவர் ஆகியோருடைய பட்டியலையும் விட்டுவிடுங்கள். அதற்கு ஃப்ளெக்ஸ் பலகை இருக்கிறது. கர்நாடகக் கச்சேரி என்றால் பாடுபவரோடு வயலின், மிருதங்கம் வாசிப்பவர் பெயரும், மெல்லிசை என்றால் குழுவின் பெயரும் ஊரும், பறை என்றால் குழுத் தலைவரின் பெயரும் தவறாமல் வேண்டும். பெயரின் எழுத்தை அவரிடமே கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

எந்த நிகழ்ச்சியையும் பணம் வாங்கிக்கொண்டு முதலில் போடாதீர்கள். நாள் வரிசை, அதற்குள் நேர வரிசை, அவ்வளவே. உங்கள் பரிந்துரை என்று ஒன்றை மட்டும் வாரந்தோறும் தேர்ந்து, ஏன் அதைப் பார்க்க வேண்டும் என்று இரண்டு மூன்று வரி எழுதலாம். அந்த இடத்தை முடிந்தவரை, தாமாக விளம்பரம் செய்துகொள்ள இயலாத கலைஞருக்கே கொடுங்கள்.

வெளியிடுதலும் பாதுகாத்தலும்

புதன்கிழமை மாலையோடு செய்தி சேர்ப்பதை நிறுத்தி, வியாழக்கிழமை காலையில் எல்லோரிடமும் பேசி உறுதி செய்து, அன்று மாலை வெளியிடுவது இப்பகுதிக்குப் பொருந்துகிறது. செவ்வாய் இரவுப் பூச்சாட்டுச் செய்திகள் அதற்குள் வந்துவிடும். சனி, ஞாயிறுகளில் எங்கே போகலாம் என்று குடும்பங்கள் பேசத் தொடங்கும் நேரமும் அதுவே. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது படமாக அனுப்பாமல் எழுத்தாகவே அனுப்புங்கள். கண் பார்வை குறைந்தவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்வார்கள், பார்வையற்றவர்கள் கைபேசியை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள், ஒரே ஒரு நிகழ்ச்சியை மட்டும் பிரித்து உறவினருக்கு அனுப்பவும் முடியும். ஏதேனும் மாறினால் ‘திருத்தம்’ என்று தொடங்கித் தனிச் செய்தி விடுங்கள். பழைய பட்டியலை மாற்றி எழுதி மறுபடி அனுப்பினால் எது புதியது என்று யாருக்கும் தெரியாது.

கைபேசி பார்க்காதவர்களுக்காக ஒரு பக்கத் தாளை அச்செடுத்து, நோட்டீஸ் தேடப் போன அதே பேக்கரியிலும் பால் சொசைட்டியிலும் நூலகத்திலும் ஒட்டலாம். காலையும் மாலையும் பால் ஊற்ற வருகிறவர்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் வாசிப்பார்கள்.

வெளியிட்ட தாள் ஒவ்வொன்றையும் கோப்பில் சேர்த்து வையுங்கள். ஆங்கிலத் தேதியோடு தமிழ் மாதம், திதி அல்லது நட்சத்திரம் ஆகியவற்றையும் ஓரத்தில் குறித்துவிட்டால், அடுத்த ஆண்டு எந்த வாரத்தில் எந்த ஊரில் கேட்க வேண்டும் என்பதை அந்தக் கோப்பே சொல்லும். ஒரு படியைக் கிளை நூலகத்துக்கும், ஒரு படியை நிகழ்ச்சி நடத்திய குழுவுக்கும் கொடுங்கள். 2007இல் அமைக்கப்பட்ட நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் உறுப்பினராகவோ, மாவட்டக் கலை மன்றம் வழங்கும் கலை இளமணி முதல் கலை முதுமணி வரையிலான விருதுகளுக்கோ விண்ணப்பிக்க நினைக்கும் உடுக்கைக் கலைஞருக்கும் கும்மி ஆசிரியருக்கும், தம் பெயரும் ஊரும் நாளும் அச்சில் உள்ள அந்தத் தாள் எடுத்துக் காட்ட உதவும்.